கேம்ஷாஃப்ட் மட்டும் மாத்தினா போதுமா? எங்க வீட்டு வியோஸ்ல நடந்தது

ஈசூன்வாசி

எஞ்சின்ல கேம்ஷாஃப்ட் (வால்வுகள திறந்து மூடற தண்டு, சுருக்கமா கேம்) கெட்டுப்போச்சு, செகண்ட் ஹேண்ட்ல ஒன்னு கெடச்சா அத மட்டும் வாங்கிப் போட்டுடலாமான்னு இந்த ஃபோரம்ல மேல ஒருத்தர் கேட்டிருக்காரு. அண்ணே, தயவுசெஞ்சு காச கட்டறதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க.

சிங்கப்பூர்ல எங்க வீட்டு வண்டி பழைய டொயோட்டா வியோஸ், ஒன்-என்ஸெட்-எஃப்ஈ எஞ்சின். காலைல ஸ்டார்ட் பண்ணா டக் டக்னு டேப்பட் சத்தம் (வால்வு பக்கம் தட்டற சத்தம்) வரும். என் தம்பிக்கு ஸ்பேனர் பிடிக்கற வேலைன்னா உசுரு, நாமளே பாத்துக்கலாம்னு சொல்லி சிராங்கூன் கார்டன்ஸ்ல மாமா வீட்டு போர்ச்சுல வண்டிய போட்டான் (எச்டிபி, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்டு கார்பார்க்ல இந்த மாதிரி வேலை செய்ய விடமாட்டாங்க). இந்த எஞ்சின்ல வால்வு இடைவெளிய (கேமுக்கும் வால்வுக்கும் நடுவுல விடற சின்ன சந்து) சரி பண்ண ஸ்க்ரூ ஒன்னும் கிடையாது, வால்வு மேல உக்காந்திருக்கற கிண்ணம் மாதிரி பக்கெட்டயே வேற கனத்துல மாத்தணும், அதுக்கு ரெண்டு கேமையும் கழட்டித்தான் ஆகணும். கழட்டுனான், நல்லாத்தான் கழட்டுனான். ஆனா கேமை அமுக்கிப் பிடிக்கற கேப் எல்லாத்தையும் ஒரே பேசின்ல போட்டு கழுவிட்டான். ஒவ்வொரு கேப்லயும் ஐ, ஈ-ன்னு எழுத்தும் நம்பரும் அம்புக்குறியும் இருக்கும், ஐ-னா இன்டேக், ஈ-னா எக்ஸாஸ்ட். பழைய ஆயில் கறையில சரியா தெரியல போல, இன்டேக் மூணாம் நம்பர் கேப்பும் எக்ஸாஸ்ட் மூணாம் நம்பர் கேப்பும் இடம் மாறி உக்காந்துடுச்சு.

பாக்க ரெண்டும் ஒன்னு மாதிரியேதான் இருக்கும். ஆனா ஃபேக்டரில ஹெட்டையும் (எஞ்சினோட மேல் பாகம், கேம் இதுலதான் உக்காரும்) கேப்பையும் சேத்து பூட்டி வச்சுத்தான் கேம் சுத்தற ஓட்டைய கடையறாங்க, அதனால ஒரு கேப் அதோட சொந்த இடத்துலதான் சரியான வட்டமா இருக்கும். இந்த மாதிரி எஞ்சின்ல கேமுக்குன்னு தனி பேரிங் ஷெல் கிடையாது, இரும்பு கேம் நேரா அலுமினியத்து மேலயே சுத்துது, நடுவுல இருக்கறது ஆயில் படலம் மட்டும்தான். கேப் மாறுனா அந்த படலத்துக்கே இடம் இல்ல.

கிராங்க (பிஸ்டன் சுத்தி விடற கீழ் தண்டு) கையால சுத்திப் பாத்தப்ப இறுக்கமாத்தான் இருந்திருக்கு. ஸ்பார்க் பிளக் நாலும் மாட்டியே இருந்ததால கம்ப்ரஷன்தான் தடுக்குதுன்னு நெனச்சுட்டான். சாவி போட்டதும் கீச்சுன்னு ஒரு சத்தம், கொஞ்ச நேரத்துல எஞ்சின் தானா நின்னுடுச்சு. மறுபடி திறந்து பாத்தா இன்டேக் கேம்ல அந்த ஜர்னல் (கேப்புக்குள்ள சுத்தற வழவழப்பான பகுதி) பூரா அலுமினியம் இழுத்து ஒட்டியிருக்கு, ஹெட்லயும் விரல் நகம் மாட்டற அளவுக்கு கோடு. அவன் மூஞ்சிய பாக்கவே எனக்கு கஷ்டமா போச்சு.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். அந்த நெலமைல புது கேம் போட்டாலும் அது உக்காரப்போறது அதே கோடு விழுந்த ஹெட்லதான? எங்களுக்கும் கேம் மட்டும் தரேன்னு சொன்ன ஆளு இருந்தாங்க. வேற ஒரு ஹெட்லேர்ந்து நல்ல கேப் மட்டும் எடுத்து போட்டுக்கலாம்னும் ஒருத்தர் சொன்னாரு, அது தம்பி பண்ணுனதையே காசு குடுத்து திரும்ப பண்ற மாதிரி. காக்கி புக்கிட்ல ஒரு பெரியவர் மட்டும்தான் ஹெட்டு, ரெண்டு கேம், கேப், பக்கெட் எல்லாம் ஒரே எஞ்சின்லேர்ந்து ஒரு செட்டா தேடுங்கன்னு சொன்னாரு. நம்ம ஊர்ல பத்து வருஷத்துல நல்லா ஓடற வண்டியெல்லாம் ஸ்கிராப்புக்கு போகுதே, அதனால வியோஸ் ஹெட் கெடைக்கறது பெரிய கஷ்டம் இல்ல. எஞ்சின் நம்பர் பிளாக்லதான் இருக்கு, ஹெட் மாத்தறதால நம்பர் மாறாது. முழு எஞ்சினையும் மாத்துனாதான் எல்டிஏ (தரைப் போக்குவரத்து ஆணையம்) வரைக்கும் போகணும்.

மாட்டுறதுக்கு முன்னாடி பெரியவர் பண்ணுன ஒரு வேலைய எல்லாரும் தெரிஞ்சுக்கணும். பக்கெட்டே போடாம வெறும் கேமை வச்சு, கேப்ப கொஞ்சம் கொஞ்சமா பல சுத்துல முடுக்கி, கையால கேமை சுத்துனாரு, வழுக்கிட்டு ஓடுச்சு. அங்க ஒரு துளி பிடிச்சாலும் நிறுத்திடணும்னாரு. முடுக்கற அளவும் ரொம்ப கம்மி, முன்னாடி இருக்கற முதல் கேப்புக்கு 23 நியூட்டன் மீட்டர், மத்ததுக்கெல்லாம் 13தான். பெரிய டார்க் ரென்ச்ல அந்த அளவு சரியா வராது, சின்னது வேணும்.

பழைய ஃபோர்மன்

ஈசூன் தம்பி சொன்னது சரி, ஆனா எல்லா கேசும் ஹெட் வரைக்கும் போகாது. நான் சின் மிங்ல வேல பாத்தப்ப ஒரு வண்டி டோ டிரக்குல வந்துச்சு. வீட்ல வச்சு செஞ்சவரு கேப் எதையும் மாத்தல, நம்பர் எல்லாம் கரெக்ட். ஆனா ஒரு ஓரத்து கேப்ப மொதல்லயே முழுசா இறுக்கிட்டாரு. அடுத்த பக்கம் வால்வு ஸ்பிரிங் கேமை மேல தள்ளிட்டு நிக்குது, வார்ப்பு இரும்பு வளையாது, உடைஞ்சிடும். ரெண்டு துண்டு. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே உடைஞ்சதால ஹெட்ல ஒரு கீறல் கூட இல்ல, பிளாஸ்டிகேஜ் (நசுங்கற அகலத்துல இடைவெளிய காட்டற மெல்லிய பிளாஸ்டிக் இழை) வச்சு ஒவ்வொரு ஜர்னலா இடைவெளி பாத்தோம், எல்லாம் அளவுக்குள்ள இருந்துச்சு, கேம் மட்டும் மாத்தி அனுப்பிட்டோம். அதனால மொதல்ல அளந்து பாருங்க, அப்புறம் சாமான் வாங்குங்க.

தேஞ்ச கேப்ப ஃபைல் போட்டு சரி பண்றேன்னு யாராவது சொன்னா அங்க வண்டிய விடாதீங்க.

செங்காங் அம்மா

எங்க வீட்லயும் இதே கததான், ஆனா வண்டி சிஓஇ (வண்டி வச்சிருக்க வாங்கற பத்து வருஷ அனுமதி) முடிய கொஞ்ச மாசம்தான் பாக்கி. வீட்டுக்காரரு ஹெட் மாத்தியே தீரணும்னு நின்னாரு. நான் உக்காந்து கணக்கு போட்டேன், பத்து வருஷத்துக்குள்ள டீரெஜிஸ்டர் பண்ணா, அதாவது பதிவ ரத்து பண்ணா, பார்ஃப் பணம் (பதிவுக் கட்டணத்துல திரும்ப வர பங்கு) வரும், சிஓஇ புதுப்பிச்சா அது போயிடும், ஓடாத வண்டிய இழுத்துட்டு போயும் டீரெஜிஸ்டர் பண்ணலாம். குடுத்துட்டோம். அவருக்கு மனசே இல்ல, முதல் புள்ளைய ஆஸ்பத்திரிலேர்ந்து கூட்டிட்டு வந்த வண்டி. ஈசூன் தம்பி, உங்க வண்டி இப்ப எப்படி ஓடுது? அலுமினியத் தூள் உள்ள போயிருக்குமே?

ஈசூன்வாசி

ஆமாக்கா, அதுதான் எங்களுக்கும் பெரிய பயமா இருந்துச்சு. சம்ப (எஞ்சின் அடியில இருக்கற ஆயில் தொட்டி) கழட்டி பாத்தோம், அடியில வெள்ளி மினுக்கு மாதிரி படிஞ்சிருந்துச்சு, பம்ப் ஸ்டிரெய்னர்லயும் கொஞ்சம். எல்லாத்தையும் கழுவி, விவிடி-ஐ (வால்வு திறக்கற நேரத்த மாத்தற அமைப்பு) ஆயில் கன்ட்ரோல் வால்வுக்குன்னு இருக்கற குட்டி ஃபில்டரையும் எடுத்து சுத்தம் பண்ணி (இத நெறைய பேரு விட்டுடறாங்க), மலிவான ஆயில் ஊத்தி கொஞ்ச தூரம் ஓட்டிட்டு உடனே அதையும் ஃபில்டரையும் மாத்துனோம். வால்வு இடைவெளிய எஞ்சின் ஆறுனப்புறம் தம்பிதான் அளந்தான், இன்டேக் 0.15லேர்ந்து 0.25 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.25லேர்ந்து 0.35க்குள்ள இருக்கணும், ஒரு எக்ஸாஸ்ட் மட்டும் தள்ளி இருந்துச்சு, அதுக்கு பக்கெட் மாத்திட்டான். பெரியவர் பக்கத்துல நின்னு பாத்தாரு, கை வைக்கல. இப்ப சத்தம் சுத்தமா இல்லக்கா, போன வாரம் அம்மாவ ஏத்திக்கிட்டு மலாக்கா வரைக்கும் போயிட்டு வந்தான்.