கூர்மூக்கு மாடலில் 40 டிகிரியில் பக்கவிசை: பேலன்ஸ் கோளாறா, காற்றோட்டமா?

காற்றுச்சுரங்கம்:
வணக்கம். இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்காக ஏவுகணை வடிவ மாடல் ஒன்றை விண்ட் டனலில் சோதிக்கிறேன். விட்டம் 5 செ.மீ. மூக்கு டேஞ்சென்ட் ஓஜைவ் (உருளையோடு வழுக்கிச் சேரும் வளைந்த கூர்முனை), நீளம் 17.5 செ.மீ. அதன் பின்னால் நேர் உருளை. இறக்கை, வால் எதுவும் இல்லை. காற்று நொடிக்கு 30 மீட்டர், யா கோணம் (பக்கவாட்டுத் திருப்பம்) பூஜ்யம்.

தாக்குகோணம் (வரும் காற்றுக்கு மூக்கு மேல்நோக்கிச் சாயும் கோணம்) 25 டிகிரி வரை பக்கவிசை இல்லை என்றே சொல்லலாம். 30-ஐத் தாண்டியதும் தலைகாட்டுகிறது. 40-ல் நார்மல் விசையில் (உடலுக்குச் செங்குத்தாக மேலே தள்ளும் விசையில்) பாதிக்கு வந்துவிடுகிறது! மாடல் இடமும் வலமும் ஒன்றுபோல இருக்க, பக்கவாட்டில் எது தள்ளுகிறது? எடை தொங்கவிட்டு, விசையை அளக்கும் பேலன்ஸைச் சரிபார்த்தாயிற்று. நேற்று மூக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். அதே 40-ல் விசை எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது. கைடு பேலன்ஸைத்தான் சந்தேகப்படுகிறார். ரிவ்யூ அடுத்த வாரம், யாராவது வழி சொல்லுங்கள்.

ஸ்டிங்பேலன்ஸ்:
தம்பி, மூக்கைக் கழற்றி மாட்டியதும் திசை மாறியது என்கிறீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. மூக்கு எப்படித் திரும்பி உட்கார்ந்திருக்கிறது என்பது பேலன்ஸுக்குத் தெரியாது, காற்றுக்குத் தெரியும்.

சாய்ந்த உடலின் இரண்டு ஓரங்களிலும் காற்று பிரிந்து, முதுகுப் பக்கம் ஜோடிச் சுழல்களாகச் சுருளும். மிதமான கோணத்தில் இரண்டும் சமமாக இருக்கும், பக்கவிசை வராது. கோணம் ஏறும்போது சுழல்கள் வலுத்து ஒன்றையொன்று நெருக்கும். அப்போது ஒன்று உடலை ஒட்டிக்கொள்ள, மற்றது மேலே விலகிப் போகும். ஒட்டிய பக்கத்தில் அழுத்தம் குறைவதால் மூக்கு அந்தப் பக்கம் இழுபடும். 1951-லேயே அமெரிக்க விமான ஆய்வு அமைப்பான நாக்காவில் ஆலனும் பெர்கின்ஸும் சாய்ந்த உடல்களில் இந்தச் சமச்சீரின்மையைக் குறித்திருக்கிறார்கள்.

எந்தக் கோணத்தில் தொடங்கும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு: மூக்கு நுனியின் அரைக்கோணத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. உங்கள் மூக்கு 3.5 விட்ட நீளம். அரைக்கோணம் சுமார் 16 டிகிரி. 32-ல் தொடங்க வேண்டும், உங்களுக்கும் அங்கேதான் தொடங்குகிறது.

எந்தப் பக்கம் என்பதை முடிவு செய்வது நுனியில் உள்ள கண்ணுக்குத் தெரியாத கீறலோ தூசியோதான். 3டி பிரிண்ட் மூக்கு என்றால் அடுக்கு வரிகளே போதும்.

கைடுக்குக் காட்ட ஒரு சோதனை செய்யுங்கள். தாக்குகோணத்தை 40-ல் நிறுத்தி, மூக்கை மட்டும் அதன் அச்சில் 15 டிகிரி வீதம் ஒரு முழுச் சுற்று உருட்டி அளவெடுங்கள். டனல் காற்று சாய்ந்து வந்தாலோ பேலன்ஸ் பிசகினாலோ, மூக்கை எப்படி உருட்டினாலும் பக்கவிசை அப்படியே நிற்கும். நுனிதான் காரணம் என்றால் கூட்டலும் கழித்தலுமாக மாறும்.

வலைக்கண்ணி:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். இதே மாதிரி வடிவத்தை நான் சிஎஃப்டி-யில் (கணினியில் காற்றோட்டத்தைக் கணிக்கும் முறையில்) ஓட்டுகிறேன். 45 டிகிரியிலும் பக்கவிசை சுத்தமாகப் பூஜ்யம். அப்படியானால் என் கணக்கு தவறா?

ஸ்டிங்பேலன்ஸ்:
பாதி மாடலை எடுத்து நடுவில் சமச்சீர்த் தளம் வைத்திருந்தால் பக்கவிசை வரவே வழியில்லை. முழு மாடலாக இருந்தாலும் வலையும் (கணக்கிடப் பிரித்த கட்டங்களும்) வடிவமும் துல்லியமாகச் சமச்சீராக இருந்தால் விடையும் சமச்சீராகவே நிற்கலாம். நுனிக்குப் பக்கத்தில் ஒரு பக்கமாகச் சின்ன மேடு ஒன்று வைத்துப் பாருங்கள். ஆய்வாளர்கள் டெகானியும் ஷிஃப்பும் தங்கள் கணிப்புகளில் அப்படித்தான் செய்தார்கள். மேட்டை எடுத்ததும் ஓட்டம் பழையபடி சமச்சீருக்குத் திரும்பியது. டர்புலன்ஸ் மாடலையும் (கலங்கல் ஓட்டத்தைக் கணக்கில் எடுக்கும் சமன்பாடுகளையும்) கவனியுங்கள்; பாகுத்தன்மையை அதிகமாகக் காட்டும் மாடல் சுழல்களை மழுங்கடித்துவிடும்.

காற்றுச்சுரங்கம்:
அண்ணா, உருட்டிப் பார்த்தேன். மாறுகிறது! சில நிலைகளில் வலம், சிலவற்றில் இடம்; நடுவே சட்டென்று தாவுகிறது. வரைபடத்தைப் பார்த்ததும் கைடே உட்கார்ந்து படிக்கத் தொடங்கிவிட்டார். இனி ரிப்போர்ட்டில் எந்த எண்ணைப் போடுவது? எல்லா நிலைகளுக்கும் சராசரி எடுக்கலாமா?

ஸ்டிங்பேலன்ஸ்:
சராசரி வேண்டவே வேண்டாம். கூட்டலும் கழித்தலும் அடிபட்டுப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இருக்கும் ஆபத்து காகிதத்தில் மறைந்துவிடும். உருட்டல் கோணத்துக்கு எதிராக முழு வரைபடத்தையும் போட்டு, குறி பார்க்காமல் மிகப் பெரிய அளவைத் தனியாகச் சொல்லுங்கள்.

ரெனால்ட்ஸ் எண்ணையும் (வேகம், அளவு, பாகுத்தன்மை மூன்றையும் சேர்த்த எண்) மறக்காமல் எழுதுங்கள். உங்களுக்கு விட்டத்தை வைத்து சுமார் 1 லட்சம், அதாவது லாமினார் (கலங்காத, அடுக்கடுக்கான ஓட்டம்) பிரிதல். லாமோன்ட் 1982-ல் வெளியிட்ட ஓஜைவ் அளவீடுகளில் லாமினாரிலும் முழு டர்புலன்ட்டிலும் பக்கவிசை பெரிதாக இருந்தது, இடைப்பட்ட நிலையில் குறைந்தது. அதனால் உங்கள் எண்ணை நேரடியாகப் பெரிய விமானத்துக்குப் பொருத்த முடியாது.

விமானத்தில் இது விளையாட்டல்ல. மூக்கு ஈர்ப்பு மையத்திலிருந்து வெகுதூரம் முன்னால் இருப்பதால் சிறு பக்கவிசையும் பெரிய யா திருப்புவிசையாகிவிடும். அந்தக் கோணத்தில் செங்குத்து வால், இறக்கையும் உடலும் கிளப்பிய கலங்கல் காற்றுக்குள் கிடக்கும். ரட்டரை மிதித்தாலும் போதிய பலன் இராது. எக்ஸ்-31 சோதனை விமானத்தில் நுனியை மழுக்கி, மூக்கின் இருபுறமும் மெல்லிய பட்டைகள் ஒட்டித்தான் இதைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். நேரம் கிடைத்தால் நுனி மழுங்கிய இரண்டாவது மூக்கு ஒன்று செய்து, அதே 40-ல் அதே உருட்டல் சோதனையை ஓட்டி, இரண்டு வரைபடங்களையும் ஒரே தாளில் போடுங்கள். 60-க்கு மேல் போகும்போது மாடலைத் தாங்கும் ஸ்டிங் அதிர்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே சுழல்கள் மாறி மாறிக் கழன்று போகத் தொடங்கும், ஒரு கணத்து அளவை நம்ப முடியாது.