‘லே-அப்’ என்பதற்குத் தமிழ்ச் சொல்: பழைய ஸ்போர்ட்ஸ் கார் கையேட்டுக்காக

ராயபுரத்திலிருந்து

குழுவினருக்கு வணக்கம்.

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் பராமரிப்புக் கையேட்டில் எம்.ஜி.பி., டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் இரண்டுக்குமான பகுதி முடியப்போகிறது. ஒரு சொல்லில்தான் நிற்கிறது: லே-அப். மூன்று மாதமோ ஒரு வருடமோ ஓட்டப்போவதில்லை என்று தெரிந்தே, அதற்கான வேலைகளை முடித்து வண்டியை நிறுத்துவது. வரைவில் ‘சேமித்து வைத்தல்’ என்று இருக்கிறது. அது நெல்லுக்கும் பணத்துக்கும் சரி. ‘கிடப்பில் போடுதல்’ என்றால் அலுவலகக் கோப்புதான் நினைவுக்கு வரும். பட்டறையில் ‘வண்டி நிக்குது’ என்பார்கள். பழுதாகி நின்றாலும் அதே பேச்சுதான்.

பெயர்ச்சொல்லாக இருக்க வேண்டும், வினை பிறக்க வேண்டும், வண்டியைத் திரும்ப வெளியே எடுப்பதற்கு எதிர்ச்சொல்லும் அமைய வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் கையேடு கைக்கு வந்தால் நல்லது.

—

தண்டையார்பேட்டையிலிருந்து

ஐயா, ‘நெடுநிறுத்தம்’ போதும் என்பது என் கருத்து. யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எதிர்ச்சொல் ‘மறுஇயக்கம்’, அது ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது.

—

கொருக்குப்பேட்டையிலிருந்து

> ‘நெடுநிறுத்தம்’ போதும்

போதாது தம்பி. நிறுத்தம் என்றால் ஒன்றும் செய்யாமல் விடுவது என்று ஆகிறது. அப்படி விட்ட வண்டிக்கு நம் பக்கம் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானே ஈரத்தை இழுத்துக் கரைசலாகிவிடும். கடலிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கிற ஷெட்டில் நிற்கும் வண்டியின் அடிப்பாகத்தில் உப்புத் தூசி படிந்திருக்கும்; விடியற்காலை ஈரத்தில் அது நனைந்து, மதியம் காய்ந்து, மறுநாள் மறுபடி நனையும். மழை ஒரு சொட்டு படாமலே துரு பிடிப்பது இதனால்தான். எம்.ஜி.பி.க்குத் தனிச் சட்டகம் கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் இரண்டு பக்கப் பெட்டிகள்தான் வண்டியின் முதுகெலும்பு. அவை உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் கொப்புளித்துத் தெரியும்போது உள்ளே தகடு மிச்சம் இருக்காது.

ஆகவே முதல் வேலை கழுவுவது, அதுவும் அடிப்பாகத்தை. இங்கே ஒரு பிழை சகஜம்: உப்புக் கரிக்கும் போர்த் தண்ணீரில் கழுவுவது. உப்பைப் போக்க உப்பையே ஊற்றுவதுதான் அது. மெட்ரோ தண்ணீர் 40 லிட்டர் ஒதுக்குங்கள். பக்கப் பெட்டிகளின் அடியிலும் கதவின் அடியிலும் உள்ள வடிகால் துளைகளை ஒரு கம்பியால் குத்தித் திறந்து, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, பிறகுதான் உள்ளே மெழுகு அடிக்க வேண்டும். ஈரத்தின் மேல் அடித்த மெழுகு ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும்.

அடுத்து எஞ்சின் ஆயில். ‘எப்படியும் ஓடப்போவதில்லை, எடுக்கும்போது மாற்றிக்கொள்ளலாம்’ என்பது தப்புக் கணக்கு. ஓடிய ஆயிலில் பெட்ரோல் எரிந்த கழிவின் அமிலமும் ஈரமும் இருக்கும். அது மாதக்கணக்கில் பேரிங்கோடு உறவாடும். நிறுத்துமுன் எஞ்சினைச் சூடாக்கி, ஆயிலை வடித்து, புது ஃபில்டரோடு 20டபிள்யூ-50 தர ஆயில் ஊற்றுங்கள். எம்.ஜி.பி.க்குச் சுமார் நாலேகால் லிட்டர் பிடிக்கும். பிறகு நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றி, பிளக்கை மாட்டிவிடுங்கள்.

வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பது நல்லது என்று பலர் நம்புகிறார்கள். கெடுதல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வரும். ஐந்து நிமிடத்தில் சைலன்ஸர் சூடேறாது. அந்தத் தண்ணீர் சைலன்ஸருக்குள்ளும் ஆயிலிலும் தங்கிவிடும்.

இத்தனை வேலையையும் ‘நிறுத்தம்’ என்ற சொல் சொல்லவில்லை. எனக்கு மாற்றுச் சொல் இன்னும் தோன்றவில்லை.

—

காசிமேட்டிலிருந்து

அண்ணே, சொல் நம்ம துறைமுகத்திலேயே இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகைக் கரையேற்றி, பாசியும் சிப்பியும் சுரண்டி, பெயின்ட் அடித்து, எஞ்சினைப் பிரித்து மாட்டுகிறார்கள். சும்மா விடுவதில்லை. ‘கரையேற்றம்’ என்று வைக்கலாம். எதிர்ச்சொல் ‘கடலிறக்கம்’ போல ‘சாலையிறக்கம்’.

இன்னொரு பொருத்தமும் உண்டு. வண்டியையும் தரையை விட்டு ஏற்றித்தான் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் டயர் ஒரே இடத்தில் அமுங்கித் தட்டையாகிவிடும். நாலு ஸ்டாண்ட் போதும்.

—

திருவொற்றியூரிலிருந்து

‘கரையேற்றம்’ கேட்க அழகாக இருக்கிறது தம்பி. ஆனால் இரண்டு சிக்கல். ‘கரையேறிவிட்டார்’ என்றால் கடன் தீர்ந்து, கவலை தீர்ந்து என்று ஒரு பொருள் ஏற்கெனவே நிலைத்திருக்கிறது. மற்றது, ஏற்றி நிறுத்துவது கட்டாயமில்லை. ஆறு மாதத்துக்குள் எடுப்பதென்றால் டயரில் 40 பிஎஸ்ஐ காற்று அடித்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வண்டியைக் கால் சக்கரம் உருட்டினாலே போதும். ஏற்றுவதானால் ஸ்டாண்டை பாடிக்கு அடியில் வைக்காதீர்கள். சக்கரங்கள் தொங்கினால் ஸ்பிரிங்கும் ரப்பர் புஷ்களும் முழு நீளத்துக்கு இழுபட்டபடி மாதக்கணக்கில் நிற்கும். பின்னால் ஆக்சிலுக்கு அடியில், முன்னால் ஸ்பிரிங் தட்டுக்கு அடியில் வைத்தால் பாரம் இயல்பாக இருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வீடுகளுக்குள் புகுந்தது. தாழ்ந்த ஷெட் என்றால் வண்டியை உயரத்தில் வைப்பதைவிட வேறு தெருவில் வைப்பதே மேல்.

என் பரிந்துரை: ‘ஓய்வுக்காப்பு’. வினைக்கு ‘காப்புக் கட்டுதல்’. எதிர்ச்சொல் ‘காப்பு அவிழ்ப்பு’.

ஆடி மாதம் அம்மன் கோயிலில் காப்புக் கட்டுவது நம் தெருக்களில் எல்லாருக்கும் தெரியும். கட்டுமுன் வீட்டைக் கழுவித் துடைக்க வேண்டும். கட்டிய பிறகு சில வேலைகள் கட்டாயம், சில வேலைகள் கூடாது, வெளியூரில் தங்கக் கூடாது. நாள் முடிந்ததும் முறைப்படி அவிழ்க்க வேண்டும். லே-அப் என்பதும் அச்சாக இதேதான்: தொடக்கம் உண்டு, முடிவு உண்டு, இடையில் நோன்பு உண்டு. ‘காப்புக் கட்டிய வண்டியை ஸ்டார்ட் செய்யாதே’ என்றால் எந்த மெக்கானிக்குக்கும் ஒரே தடவையில் புரியும்.

—

தண்டையார்பேட்டையிலிருந்து

அக்கா, சொல் பிடித்திருக்கிறது. நெடுநிறுத்தத்தைத் திரும்பப் பெறுகிறேன். மூன்று ஐயம்.

ஒன்று, மின்னியலில் காப்பு என்றால் இன்சுலேஷன். கையேட்டின் வயரிங் பகுதியில் ‘காப்பிடுதல்’ பத்து இடத்தில் வருகிறது. குழப்பம் வராதா?

இரண்டு, ‘ஓய்வுகாப்பு’ என்று எழுதுவதா, ‘ஓய்வுக்காப்பு’ என்பதா?

மூன்று, எல்லா மதத்தவரும் படிக்கும் கையேட்டில் சடங்குச் சொல் சரிதானா?

—

திருவொற்றியூரிலிருந்து

காப்பிடுதல் வயருக்கே இருக்கட்டும். வண்டிக்குக் ‘காப்புக் கட்டு’ மட்டும். வினை வேறாக இருப்பதால் மோதாது. புணர்ச்சியில் ‘உணவுப்பொருள்’ போலத்தான்: ஓய்வில் காப்பு என்று வேற்றுமைத் தொகையாக விரிவதால் வல்லினம் மிகும், ஓய்வுக்காப்பு. சடங்கு பற்றி: காப்புக்காடு, காப்புரிமை, காப்பீடு எல்லாம் அரசு ஆவணத்திலேயே புழங்குகின்றன. வேர் எல்லாருக்கும் பொது.

வயரிங் என்றதால் பேட்டரிப் பத்தியில் ஒரு திருத்தம். வரைவில் ‘முதலில் நெகட்டிவ் முனையைக் கழற்றவும்’ என்று இருக்கிறது. 1967 வரை வந்த எம்.ஜி.பி.யில் பாடியோடு இணைந்திருப்பது பாசிட்டிவ் முனை. அந்த வண்டியில் நெகட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறந்து, ஸ்பேனரே பற்றவைத்தது போல் ஒட்டிக்கொள்ளும். ‘பாடியோடு இணைந்த முனையை முதலில் கழற்றவும், கடைசியில் மாட்டவும்’ என்று எழுதினால் எல்லா ஆண்டு வண்டிக்கும் பொருந்தும். அந்த எம்.ஜி.பி.களில் சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரி இருக்கும். இரண்டையும் வெளியே எடுத்து, சார்ஜ் செய்து, மாதம் ஒருமுறை அளக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிட்டால் தகட்டில் சல்ஃபேட் படியும்.

—

கொருக்குப்பேட்டையிலிருந்து

ஓய்வுக்காப்புக்கு என் ஒப்புதல். காப்புக் கட்டும் பட்டியலில் விட்டுப்போனவை:

பெட்ரோல். இப்போது பங்க்கில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும்; ஈரம் கூடினால் தண்ணீரோடு பிரிந்து டேங்க்கின் அடியில் படியும். பழைய ரப்பர்க் குழாய்களும் அதைத் தாங்காது. மூன்று மாதத்துக்கு மேல் என்றால் டேங்க்கைக் காலி செய்யுங்கள். கார்புரேட்டர் எஸ்.யு. ஹெச்.எஸ்.4 என்றால் மிதவைக் கிண்ணத்துக்கு மூன்று திருகுதான். கழற்றி, மூடியைத் தூக்கி, மிச்சப் பெட்ரோலை நூல் உதிராத துணியால் ஒற்றி எடுங்கள். விட்டால் அது காய்ந்து, பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டில் அரக்குப் போல் ஒட்டும்.

ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். ஷூ டிரம்மோடு துருவில் பிடித்துக்கொள்ளும். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். கிளட்ச் டிஸ்க்கும் ஃபிளைவீலோடு அப்படியே ஒட்டும். பெடலை அழுத்தி, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு பலகையை முட்டுக் கொடுப்பது பழைய வழி. பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறவர்களும் ஓய்வுக்காப்புக்கு முன்னால் மாற்றுவது நல்லது. டாட் 4 வகைப் பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், அந்த ஈரம் சிலிண்டரின் உட்சுவரைக் குழி குழியாக அரிக்கும்.

ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் கூடாது. சென்னையில் உறைபனி இல்லையே என்று கூலண்ட்டை விட்டுவிடுகிறார்கள். வார்ப்பிரும்பு பிளாக்குக்கு அதிலுள்ள துருத்தடுப்புதான் முக்கியம்.

மேற்கூரைத் துணியை மடிக்காமல் விரித்தே வையுங்கள், மடிப்பில்தான் வெடிக்கும். மேலே பருத்திப் படுதா. பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டால் அடியில் வேர்த்துக்கொட்டும். பிளாஸ்டிக் விரிக்க வேண்டிய இடம் வண்டிக்கு அடியில், சிமென்ட் தரையின் ஈரத்தைத் தடுக்க. சைலன்ஸர் வாயிலும் ஏர் ஃபில்டர் வாயிலும் கம்பி வலை கட்டுங்கள். எலிக்கு அவை நல்ல பொந்து.

ஸ்பிட்ஃபயருக்கு மட்டும்: முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடிமுனை மரையில் திரும்பும் மூட்டான டிரன்னியனில் கிரீஸ் அடிக்காதீர்கள், ஈ.பி.90 கியர் ஆயில் மட்டும். மேல் சீலில் கசியும் வரை செலுத்தினால் உள்ளே இருக்கும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வரும். கிரீஸ் மரையின் அடிவரை போகாது. அங்கே தண்ணீர் தங்கி, துருவேறி, ஒருநாள் ஓடும்போதே அந்தத் தண்டு முறிந்து சக்கரம் மடங்கும். 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டிலும் இதே அமைப்புதான். நம்மூர்ப் பழைய மெக்கானிக்குகள் இதை டிரன்னியன் என்றே சொல்கிறார்கள். அதற்குப் புதுச்சொல் வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

—

காசிமேட்டிலிருந்து

கரையேற்றத்தைக் கைவிடுகிறேன். காப்பு அவிழ்ப்புக்கு என் பங்கு:

முதலில் பலகையை எடுத்து கிளட்ச் விடுபடுகிறதா என்று பாருங்கள். பிறகு வலைகளைக் கழற்றுங்கள், மறப்பது இதைத்தான். பிளக் நாலையும் கழற்றிவிட்டு, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று. தடையில்லை என்றால் பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரால் சுற்றி, ஆயில் அழுத்த முள் எழும் வரை பாருங்கள். அதன் பிறகே பிளக்கும் புதுப் பெட்ரோலும். கார்புரேட்டர் பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் ‘டக்’ என்று உலோகச் சத்தத்தோடு விழ வேண்டும். சத்தமில்லாமல் இறங்கினால் ஊசி ஜெட்டில் உரசுகிறது. எம்.ஜி.பி.யின் எலக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் ‘டிக் டிக்’ சத்தம் தரவில்லை என்றால் உள்ளே மின்தொடுப்பான பாயின்ட் கறுத்திருக்கும்; திருப்புளிக் கைப்பிடியால் லேசாகத் தட்டினால் பெரும்பாலும் ஓடும், ஆனால் பாயின்ட்டைச் சுத்தம் செய்தாக வேண்டும். தெருவில் இறக்குமுன் பிரேக்கை நாலு சக்கரத்திலும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

—

ராயபுரத்திலிருந்து

எல்லாருக்கும் நன்றி. கையேட்டில் இப்படி ஏற்றுகிறேன்:

ஓய்வுக்காப்பு: நெடுநாள் ஓட்டாத வண்டியைக் கெடாமல் காக்கும் முறை. காப்புக் கட்டு: அதற்கான வேலைகளைச் செய்து நிறுத்து. காப்பு அவிழ்ப்பு: முறைப்படி சோதித்துத் திரும்ப ஓட்டத்துக்குக் கொண்டுவருதல். டிரன்னியன் டிரன்னியனாகவே இருக்கும். பேட்டரிப் பத்தியைத் திருத்திவிட்டேன்.

கார்புரேட்டர் பிஸ்டனுக்கு மேலே ஆயில் நிற்கும் பகுதியான ‘டேஷ்பாட்’ பாக்கி இருக்கிறது. அதில் எஸ்.ஏ.இ. 20 ஆயில் ஊற்றுவது பிஸ்டன் சட்டென்று எழாமல் தணிக்கத்தான். அதனால் ‘தணிகலம்’ என்று குறித்து வைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் தனித் தலைப்பில் எழுதுங்கள்.