இ-ஜர்னல் வந்தாச்சு, பழைய பைண்டட் வால்யூமை எல்லாம் தூக்கிடலாமா?

அலமாரிக்காரன்

வணக்கம் நண்பர்களே. காலேஜ் லைப்ரரி ஒண்ணுல வேலை பாக்குறேன். எங்க ரெண்டாவது மாடி முழுக்க பைண்ட் பண்ண ஜர்னல், முப்பது வருஷமா சேத்தது. இப்ப மேனேஜ்மெண்ட்ல என்ன சொல்றாங்கன்னா, எல்லாந்தான் ஆன்லைன்ல இருக்கே, இதைக் கழிச்சு விட்டுட்டு அந்த எடத்துல பசங்க உக்காந்து படிக்க டேபிள், கம்ப்யூட்டர்னு போட்டுடலாம்னு. ஞாயமாத்தான் இருக்கு, போன வருஷம் அந்த மாடி ஏறி வந்தவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். ஆனா எனக்கு மனசு ஒப்பல, பழசு மேல இருக்குற பாசமா இல்ல நெஜமாவே காரணம் இருக்கானு எனக்கே புரியல. நாங்க வாங்குற டேட்டாபேஸ் பேக்கேஜ்ல எங்ககிட்ட இருக்குற டைட்டில் முக்காவாசி காட்டுது. அதை நம்பி தூக்கலாமா? அப்புறம் நெட்ல ஃப்ரீயா கெடைக்கிற ஓப்பன் ஆக்சஸ் ஜர்னல்களை நம்ம கேட்டலாக்ல ஏத்தினா நல்லதா, வீண் வேலையா?

வரவுப்பதிவேடு

சார், "வாங்குற பேக்கேஜ்"னு எழுதிருக்கீங்க பாருங்க, சிக்கலே அந்த வார்த்தையிலதான். அது வாங்குறது இல்ல, வாடகை. அச்சுல வந்த இதழுக்கு ஒரு தடவை காசு குடுத்து அக்ஸஷன் நம்பர் (லைப்ரரி இருப்புல சேக்குற வரிசை எண்) போட்டுட்டா அது நம்மளது, பதிப்பாளர் கடையை மூடினாலும் அலமாரில இருக்கும். பேக்கேஜ்ல அப்படி இல்ல, அடுத்த வருஷம் பணம் கட்டலைன்னா போன வருஷத்துதும் சேந்து போயிடும், அக்ரிமெண்ட்ல பெர்பெச்சுவல் ஆக்சஸ், அதாவது பணம் கட்டின வருஷத்துது நிரந்தரமா கெடைக்கும்னு தனியா ஒரு வரி இருந்தா ஒழிய. மொதல்ல அந்த அக்ரிமெண்டை எடுத்துப் படிங்க, நெறைய பேர் படிக்கிறதே இல்ல. பல பதிப்பாளர்கள் ஒரே குடைக்குள்ள இருக்குற பேக்கேஜ்ல அந்த வரி பெரும்பாலும் இருக்காது, நடு வருஷத்துல ஒரு டைட்டிலை உருவிட்டாக்கூட கேக்க முடியாது.

இ-புக்லயும் இதே கதைதான். 2011ல ஹார்ப்பர்காலின்ஸ்ங்கற பதிப்பாளர் ஒரு இ-புக்கை 26 தடவை இரவல் குடுத்தா லைசன்ஸ் முடிஞ்சுது, மறுபடி வாங்குங்கன்னு வெச்சாங்க. பேப்பர் புக்கு கிழிஞ்சு போகும்ல, அதே கணக்குன்னு காரணம் வேற! 2019ல மேக்மில்லன்ங்கற இன்னொரு பதிப்பாளர் இன்னும் ஒரு படி மேல போய், புது புத்தகம் வந்து மொத எட்டு வாரம் ஒரு லைப்ரரி சிஸ்டத்துக்கு எவ்வளவு பெருசா இருந்தாலும் ஒரே ஒரு இ-காப்பின்னு ரூல் போட்டாங்க, லைப்ரரிகள் வாங்கறதையே நிறுத்திப் போராடி 2020 மார்ச்ல அதை வாபஸ் வாங்கினாங்க. நம்ம அலமாரில எதை எத்தனை பேருக்குக் குடுக்கணும்னு வெளியாள் முடிவு பண்றதை அச்சுக் காலத்துல யோசிச்சாவது பாத்திருப்போமா?

மூணாவதுவரிசை

எல்லாரும் பயமுறுத்தாதீங்கப்பா 😄 நான் வேற பக்கம் பேசுறேன். பார்வை இல்லாத ஸ்டூடண்ட் ஒருத்தருக்கு அந்த பைண்டட் வால்யூமால ஒரு பைசா பிரயோஜனம் இல்ல, ஒழுங்கான டெக்ஸ்ட் இருக்குற பிடிஎஃப்ன்னா ஸ்க்ரீன் ரீடர் படிச்சுக் காட்டிடும். ராத்திரி ரெண்டு மணிக்கு தீசிஸ் எழுதுறவனுக்கும் அதான் வேணும். பழைய ஜர்னல்களை ஸ்கேன் பண்ணி ஆன்லைன்ல வெக்கிற ஜேஸ்டோர் 1995ல ஆரம்பிச்சதே லைப்ரரில பழைய ஜர்னல் எடத்தை அடைக்குதுங்கற பிரச்னைக்காகத்தான், அதனால எடம் கேக்குறது ஒண்ணும் பாவம் இல்ல. கழிக்கிறது லைப்ரரியன் வேலையிலயே ஒண்ணு, அதைப் பண்ணாம எல்லாத்தையும் கட்டிக் காக்குறவங்க லைப்ரரி நடத்தல, குடோன் நடத்துறாங்க. கோவிச்சுக்காதீங்க அண்ணே.

ஓப்பன் ஆக்சஸ் கேள்விக்கு: ஏத்துங்க, ஆனா கூகுள்ல கெடைச்ச லிங்க்கை எல்லாம் வாரி கொட்டாதீங்க. டிஓஏஜேன்னு ஓப்பன் ஆக்சஸ் ஜர்னல்களுக்கான ஆன்லைன் பட்டியல் ஒண்ணு 2003லேர்ந்து இருக்கு, அதுல சேக்கறதுக்கு முன்னாடி ஜர்னலைப் பாத்துதான் எடுக்குறாங்க, அதுல இருக்குறதை மட்டும் உங்க டிபார்ட்மெண்டுகளுக்குத் தகுந்த மாதிரி பொறுக்கி எடுத்தா போதும். கட்டுரைக்கு லிங்க் குடுக்குறப்ப வெப்சைட் அட்ரஸைப் போடாம டிஓஐ (கட்டுரைக்குன்னே குடுத்த மாறாத அடையாள எண்) போடுங்க, சைட்டு மாறினா பதிப்பாளர் டிஓஐ பதிவைத் திருத்திடுவாங்க, நம்ம கேட்டலாக்ல கை வெக்க வேண்டியதில்ல. மத்த லிங்க்குக்கு செக்கர் ஓட விட்டு செத்ததை மாசம் ஒரு தடவை களை எடுங்க. கோஹா (லைப்ரரி சாஃப்ட்வேர்) வெச்சிருந்தா யுஆர்எல் செக் பண்ற ஸ்க்ரிப்ட் அதுலயே இருக்கு.

நெகடிவ்பெட்டி

நான் டிஜிட்டைசேஷன் பக்கம் வேலை பாத்தவன், ஒரு பழைய எடத்துல நடந்ததைச் சொல்றேன். அரிய இதழ்களை ஸ்கேன் பண்ணி சிடில போட்டு பீரோல வெச்சுப் பூட்டினாங்க, மூலத்தையும் எடைக்குப் போட்டுட்டாங்க, ஏழெட்டு வருஷம் கழிச்சு தொறந்தா பாதி சிடி ரீட் ஆகல, ரீட் ஆனதுலயும் மடிப்புல இருந்த வரிகள் வெட்டுப்பட்டிருக்கு. யாரும் பக்கம் பக்கமா சரிபாக்கவே இல்ல. எனக்கு இன்னிக்கும் அது வயித்தெரிச்சல்.

பெரிய ஆளுங்களுக்கும் நடந்திருக்கு. 1086ல இங்கிலாந்துல எழுதின டூம்ஸ்டே கணக்கேட்டோட 900வது வருஷத்துக்குன்னு பிபிசி 1986ல லேசர் டிஸ்க்ல ஒரு புது டூம்ஸ்டே பண்ணாங்க, பதினஞ்சு வருஷத்துக்குள்ள அதைப் படிக்கிற மெஷினே அரிதாயிடுச்சு, தனியா ஆள் போட்டு மீட்க வேண்டியதாச்சு. தோல்ல எழுதினது இன்னிக்கும் தொறந்தா படிக்கலாம்.

அதனால நீங்களே ஸ்கேன் பண்ணினா மாஸ்டர் (மூலக் காப்பி) டிஃப்ங்கற பட ஃபைல்ல, படிக்கக் குடுக்குறது ரொம்ப நாள் பாதுகாக்கறதுக்கான பிடிஎஃப்-ஏல, காப்பி மூணு, அதுல ஒண்ணு வேற கட்டடத்துல. செக்சம் (ஃபைல்ல இருக்குறதை வெச்சுக் கணக்கு போடுற எண், ஃபைல் மாறினா இதுவும் மாறும்) எடுத்து வெச்சு அப்பப்ப ஒப்பிட்டுப் பாருங்க, ஃபைல் சத்தமில்லாம கெட்டுப் போறது அதுலதான் தெரியும். ஸ்டான்ஃபோர்ட்ல லாக்ஸ்னு ஒரு சிஸ்டம் பண்ணாங்களே, பல லைப்ரரில பல காப்பி வெச்சு ஒண்ணை ஒண்ணு சரிபாத்துக்கறது, அந்த யோசனையேதான் இது. 2023 அக்டோபர்ல பிரிட்டிஷ் லைப்ரரி மேல ரான்சம்வேர் (கம்ப்யூட்டரை முடக்கிப் பணம் கேக்குற) அட்டாக் நடந்தப்போ கேட்டலாக்கே ஆன்லைன்ல திரும்பி வர 2024 ஜனவரி ஆச்சு. புத்தகம் எல்லாம் உள்ள பத்திரமாதான் இருந்துச்சு, ஆனா எது எங்க இருக்குன்னு சொல்ற கேட்டலாக் படுத்துட்டா அவ்வளவு பெரிய லைப்ரரியே தடுமாறுது.

வரவுப்பதிவேடு

நெகடிவ்பெட்டி சொன்னதுக்கு ஒரு வால்: ஆன்லைன்ல டைட்டில் இருக்குன்னா இதழ் முழுசா இருக்குன்னு அர்த்தம் இல்ல. 2001ல டாசினி கேஸ்ல (அனுமதி இல்லாம தங்க கட்டுரையை டேட்டாபேஸ்ல ஏத்திட்டாங்கன்னு போட்டது) ஃப்ரீலான்சர்கள் ஜெயிச்சதும் அமெரிக்கப் பத்திரிகைகள் தனி அனுமதி இல்லாத கட்டுரைகளை டேட்டாபேஸ்லேர்ந்து எடுத்துட்டாங்க, அச்சுப் பிரதில அது அப்படியே இருக்கு. பல எடத்துல விளம்பரம், அட்டை, வாசகர் கடிதம் எல்லாம் ஸ்கேன்லயே வராது. வரலாறு, மீடியா படிக்கிறவங்க தேடி வர்றதே அதுக்குத்தான்.

அலமாரிக்காரன்

ரொம்ப நன்றி எல்லாருக்கும், குடோன்னு சொன்னவருக்கும் சேத்து 🙏 அக்ரிமெண்டைத் தேடி எடுத்தேன். பெர்பெச்சுவல்னு ஒரு வரியும் இல்ல. டைட்டில் லிஸ்டை அலமாரியோட வெச்சு ஒப்பிட்டுப் பாத்தா, முக்காவாசி காட்டுதுன்னு சொன்னேனே, அதுல பலதுக்கு கடைசி பன்னண்டு மாசம் இல்ல, சிலது 1998க்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது, எங்ககிட்ட அதுக்கு முன்னாடியே பத்து வருஷத்துது இருக்கு.

இப்போதைக்கு, ஜேஸ்டோர் மாதிரி எடத்துல முழுசா இருக்கு, பக்கத்து லைப்ரரிலயும் அச்சுல இருக்குன்னா அதை மட்டும் கழிக்கிறதுக்கு லிஸ்ட் போடுறேன், இன்டர் லைப்ரரி லோன்ல (லைப்ரரிக்கு லைப்ரரி இரவல்) கேட்டா தருவாங்களான்னு எழுத்துல வாங்கிக்கிறேன். அதுலயே மாடில பாதி காலியாகும்னு நெனைக்கிறேன், டேபிள் போட அது போதும். செக்சம் எடுக்க எந்த டூல் சுலபம்னு மட்டும் நெகடிவ்பெட்டி சொல்லுங்க, எங்ககிட்ட இருக்குறது விண்டோஸ்தான்.