குரங்கோடு பேரம், மானோடு வணக்கம்: வெளியூரில் உங்களை அசரவைத்த விலங்கு எது?

ஊர்சுற்றி:

வெளிநாடு போனால் கோபுரம், அருங்காட்சியகம் என்று பார்த்துவிட்டு வருகிறோம். ஆனால் ஊர் திரும்பியபின் ஆள் ஆளுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பதென்னவோ வேறு கதையாக இருக்கும். எங்கள் வீட்டில் அது ஒரு குரங்கின் கதை. உங்களுக்கும் அப்படி ஒரு விலங்கோடு பழக்கம் ஏற்பட்டிருந்தால் எழுதுங்கள். முதலில் என்னுடையது.

பாலித் தீவின் தென்கோடியில், கடலிலிருந்து சுமார் 70 மீட்டர் உயரப் பாறை விளிம்பில் உலுவாத்து கோயில் இருக்கிறது. வாசலிலேயே வழிகாட்டி சொல்லிவிட்டார்: தொப்பி, கம்மல், கண்ணாடி எல்லாம் பைக்குள் போகட்டும். அப்பாவுக்குக் கண்ணாடி இல்லாமல் படி தெரியாது, அதனால் அவர் மட்டும் போட்டுக்கொண்டே நடந்தார். மதில்மேல் ஒரு குரங்கு எங்கேயோ பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. நாங்கள் தாண்டிப் போனதும் பின்னாலிருந்து அவர் தோளில் இறங்கி, இரண்டு கையாலும் கண்ணாடியின் இரண்டு கம்பியையும் பிடித்துக் கழற்றியது. அப்பாவின் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

அப்புறம் அது ஓடவில்லை. ஆச்சரியமே அதுதான். கைக்கு எட்டாத உயரத்தில் ஏறி உட்கார்ந்து, ஒரு கம்பியை வாயில் கடித்துக்கொண்டு எங்களையே பார்த்தது. கோயில் பணியாளர் ஒருவர் பையோடு வந்தார், அவசரமே இல்லாமல். ஒரு பழத்துண்டை நீட்டினார். குரங்கு அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. இன்னொரு துண்டையும் சேர்த்து நீட்டினார். அதற்கும் அசையவில்லை. கடைசியில் பைக்குள் கைவிட்டு ஒரு பச்சை முட்டையை எடுத்தார். குரங்கு இறங்கி வந்து, ஒரு கையால் முட்டையை வாங்கிக்கொண்ட பிறகுதான் மறு கையிலிருந்த கண்ணாடியை விட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் ஜவுளிக்கடை நடத்திய அப்பா, "கையில காசு வந்தப்புறம்தான் சரக்கை விடுது பாரு" என்று அசந்து நின்றார்.

ஊருக்கு வந்து தேடிப் படித்தேன். இந்த நீண்டவால் குரங்குகளை ஆராய்ச்சியாளர்கள் பல வருடமாகக் கவனித்து வருகிறார்கள். பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபானி புரோட்கோர்ன் குழுவின் ஆய்வு 2017-இல் வந்தது. சுற்றுலாப் பயணிகளுக்கு அருகில் வாழும் கூட்டங்களிலும், இளம் ஆண் குரங்குகள் அதிகமுள்ள கூட்டங்களிலும் இந்தப் பழக்கம் அதிகம் என்றது அது. கனடாவின் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ஜான்-பாப்டிஸ்ட் லெகா குழு 273 நாள் படம் பிடித்து, 2021-இல் வெளியிட்ட முடிவு இன்னும் சுவாரசியமானது. குட்டிகளுக்கு மதிப்பு தெரியாது, கிடைத்ததை எடுக்கும். வளர்ந்த குரங்குகள் தேர்ந்தெடுத்துத் திருடும்: ஹேர்பின்னைவிட கைபேசியும் மூக்குக் கண்ணாடியும் மேல் என்று அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது. விலை உயர்ந்த பொருள் கையில் இருந்தால் நல்ல தீனி வரும்வரை விட்டுக்கொடுப்பதில்லை. ஒரு பேரம் 17 நிமிஷம் இழுத்ததாம். பிறவியிலேயே வரும் குணம் இல்லை இது. ஒன்றைப் பார்த்து இன்னொன்று வருடக்கணக்காகப் பழகிக்கொள்ளும் தொழில். இதை வெறும் திருட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அன்று சாயங்காலம் அதே கோயில் வளாகத்தில் கெசாக் நடனம் பார்த்தோம். ராமாயணக் கதைதான். வாத்தியம் கிடையாது, சுற்றி உட்கார்ந்த ஆண்கள் "சக் சக் சக்" என்று குரலாலேயே தாளம் போடுகிறார்கள். தீ வளையத்துக்குள் அனுமார் வந்து நின்றபோது எழுந்த கைதட்டலில் அப்பாவுடையதுதான் பலம்.

ஒசாகாவாசி:

குரங்கு கறார் வியாபாரி என்றால், எங்கள் பக்கத்து மான்கள் மரியாதை தெரிந்தவை.

ஒசாகாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் நாரா வந்துவிடும். ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிப் போவது என் வழக்கம். அங்குள்ள பூங்காவிலும் சுற்றியுள்ள தெருக்களிலும் 1,200-க்கு மேற்பட்ட மான்கள் வேலி இல்லாமல் திரிகின்றன. சிக்னலில் நிற்கும், கடை வாசலில் படுக்கும், பஸ் ஸ்டாப்பில் நம்மோடு நிற்கும். மான்களுக்கென்றே ஒரு பிஸ்கட் விற்கிறார்கள், ஷிகா செம்பே என்று பெயர். அரிசித் தவிடும் மாவும் சேர்த்துச் சுட்டது, சர்க்கரை கிடையாது. கட்டைச் சுற்றியிருக்கும் காகிதப் பட்டையையும் மான் தின்றுவிடும் என்பதால், அதையும் தின்னக்கூடிய விதமாகவே செய்திருக்கிறார்கள்.

என் மாமியார் வந்திருந்தபோது ஒரு கட்டு வாங்கிக் கையில் கொடுத்தேன். ஒரு பெண் மான் நேராக அவர் முன்னால் வந்து நின்று, கழுத்தைத் தாழ்த்தித் தலையைக் குனிந்து நிமிர்ந்தது. மாமியார் பதறிப்போய், பிஸ்கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையும் கூப்பிக் கும்பிட்டார். மான் மறுபடி குனிந்தது. இவர் மறுபடி கும்பிட்டார். சுற்றி நின்ற ஜப்பானியப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கடைசியில், "அத்தை, அது பிஸ்கட்டைக் கேக்குது" என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

குனிந்தால் கிடைக்கும் என்று மான்கள் கற்றுக்கொண்டுவிட்டன. கொரோனா காலத்தில் பயணிகள் வராமல் போனபோது அவை குனிவதும் குறைந்துபோனதை நாரா மகளிர் பல்கலைக்கழகத்தார் கணக்கெடுத்தே காட்டினார்கள். ஒரு விஷயம், கையில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் விளையாட்டுக் காட்டாதீர்கள். கடிக்கும், உதைக்கும், முட்டும், கீழே தள்ளும் என்று நாலு படம் போட்ட பலகையே பூங்காவில் வைத்திருக்கிறார்கள். பிஸ்கட் தீர்ந்ததும் வெறுங்கை இரண்டையும் விரித்துக் காட்டுங்கள். பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடும்.

இந்தச் செல்லம் இன்று நேற்று வந்ததில்லை. 768-இல் எழுந்த கசுகா கோயிலின் தெய்வம் வெள்ளை மான்மீது ஏறி வந்ததாக ஐதீகம். மான்கள் அந்தத் தெய்வத்தின் தூதர்கள். ஒரு காலத்தில் மானைக் கொன்றால் மரண தண்டனை. அதனால் நாரா மக்கள் விடியுமுன் எழுந்து, வீட்டு வாசலில் மான் ஏதும் செத்துக் கிடக்கிறதா என்று பார்ப்பார்களாம். நாராக்காரர்கள் சீக்கிரம் எழுவதற்குக் காரணம் அதுதான் என்று இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

குளிர்காலத்தில் வந்தால் ஷிகயோசே பாருங்கள். காலையில் புல்வெளியில் ஒருவர் நின்று கொம்புவாத்தியத்தில் பீத்தோவனின் ஆறாவது சிம்பொனியை ஊதுவார். காட்டுக்குள்ளிருந்து மான்கள் கூட்டம் கூட்டமாக ஓடி வரும், பரிசு கருவாலிக் கொட்டை. 1892-இல் தொடங்கிய வழக்கம் இது.

மனம் கனத்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2019-இல் இறந்துபோன 14 மான்களில் 9-இன் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது, ஒன்றில் மட்டும் 4.3 கிலோ. தயவுசெய்து அங்கே கவர் எதையும் போட்டுவிட்டு வராதீர்கள்.

பூனைப்பிரியை:

இஸ்தான்புல்லில் கடிக்கொய் பகுதியில், நடைபாதைப் படியில் முழங்கையை ஊன்றிச் சாய்ந்து உட்கார்ந்து போவோர் வருவோரைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பூனை இருந்தது. பெயர் தொம்பிலி, நல்ல குண்டு. அது இறந்தபின் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டுக் கேட்டதால், 2016 அக்டோபர் 4-ஆம் தேதி, உலக விலங்குகள் தினத்தன்று, அதே இடத்தில் அதே சாய்மானத்தில் வெண்கலச் சிலை வைத்தார்கள். அடுத்த மாதமே யாரோ சிலையைத் தூக்கிக்கொண்டு போக, ஊரே கொதித்தெழுந்தது. ஓரிரு நாளில் சிலை திரும்பி வந்துவிட்டது! நான் போனபோது சிலையின் மடியில் ஒரு சாம்பல் நிறக் குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாரோ தண்ணீரும் தீனியும் வைத்திருந்தார்கள். அந்த ஊரில் எந்தத் தெருவிலும் இதைப் பார்க்கலாம்.

தேக்காவாசி:

சிங்கப்பூரில் எங்களுக்கு நீர்நாய்கள். காலை நடையில் காலாங் ஆற்றோரம் பார்த்ததைச் சொல்கிறேன். தாய் நீர்நாய் குட்டியின் பிடரியைக் கவ்வித் தண்ணீருக்குள் போடுகிறது. குட்டி கீச்சென்று கத்திக்கொண்டு கரையேறுகிறது. மறுபடி கவ்விப் போடுகிறது. நீச்சல் வகுப்பு முடிந்ததும் மொத்தக் குடும்பமும் மணலில் புரண்டு உடம்பைத் துவட்டிக்கொண்டது. நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வேலைக்கு நேரமாவதையும் மறந்து நின்றோம்.

எழுபதுகளில் இந்த ஆற்றுப் பக்கம் மூக்கைப் பொத்தாமல் நடக்க முடியாது என்று என் தந்தை சொல்வார். பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணை, படகுக் கழிவு எல்லாம் ஆற்றில்தான். 1977-இல் அப்போதைய பிரதமர் லீ குவான் யூ பத்து ஆண்டுக்குள் சுத்தம் செய்யச் சொன்னார், 1987-இல் செய்து முடித்தார்கள். மீன் திரும்பியது. 1998-இல் சுங்கை பூலோ சதுப்பு நிலத்தில் ஒரு ஜோடி நீர்நாய் தென்பட்டது. இன்று பீஷான் குடும்பம், மரினா குடும்பம் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துப் பின்தொடரும் ரசிகர்கள் இருக்கிறார்கள். இரண்டு குடும்பம் எல்லைச் சண்டை போட்டால் செய்தியில் வரும்.

எங்கள் கொண்டோவின் (அடுக்குமாடிக் குடியிருப்பின்) குளத்துக்கும் ஒரு விடியற்காலையில் வந்தன. கோய் மீன் அத்தனையும் காலி, செதில் மட்டும் மிச்சம். மீன்களுக்குத் தினமும் தீனி போட்டுவந்த சீன அங்கிள் ரொம்ப நேரம் பேசவே இல்லை. எனக்கு அவரைப் பார்க்கவும் கஷ்டமாக இருந்தது, நீர்நாயைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. இப்போது குளத்தைச் சுற்றி நெருக்கமாகக் கம்பி போட்டிருக்கிறோம். அதுதான் ஒரே வழி. பார்க்கும்போது கிட்டே போகாதீர்கள், குட்டியோடு இருக்கும் கூட்டம் பாய்ந்து கடிக்கும்.

ஒஸ்லோ மாமி:

நான் சொல்லப்போவது பொய் என்றுதான் முதலில் நினைப்பீர்கள். நோர்வே இராணுவத்தில் மேஜர் ஜெனரலாக ஒரு பென்குவின் இருக்கிறது.

என் தங்கச்சியின் மகன், பெறாமகன், இங்கே பிறந்து வளர்ந்து மன்னரின் மெய்க்காவல் படையில் கட்டாய சேவை செய்தவன். அவன்தான் இந்தக் கதையைச் சாப்பாட்டு மேசையில் சொன்னான், நான் நம்பவில்லை. பிறகு ஸ்கொட்லாந்து போனபோது எடின்பரோ மிருகக்காட்சிச்சாலைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனான். கிங் பென்குவின் கூட்டத்துக்குள், இறக்கையில் பட்டியோடு ஒன்று நிமிர்ந்து நடந்து வந்தது. பெறாமகன் சட்டென்று நேராக நின்று சலூட் அடித்தான். விளையாட்டுக்கு இல்லை, முகம் அவ்வளவு தீவிரம்.

அந்தப் படை எடின்பரோ இராணுவ அணிவகுப்பு விழாவுக்குப் போய்வருவது வழக்கம். 1961-இல் போன நீல்ஸ் எகெலியன் என்ற அதிகாரிக்குப் பென்குவின்கள்மீது ஆசை வந்தது. 1972-இல் திரும்பப் போனபோது அவருடைய ஏற்பாட்டில் படை ஒரு பென்குவினைத் தத்தெடுத்தது. அவருடைய பெயரையும் மன்னர் ஐந்தாம் ஓலாவின் பெயரையும் சேர்த்து நீல்ஸ் ஓலாவ் என்று வைத்தார்கள். கீழ்நிலைப் பதவியில் தொடங்கி, படை வரும் போதெல்லாம் பதவி உயர்வு. 2008-இல் "சேர்" (Sir) பட்டம், மன்னரின் ஒப்புதலோடு. 2016-இல் பிரிகேடியர், வரிசையாக நின்ற ஐம்பதுக்கு மேற்பட்ட வீரர்களை நடந்து நடந்து பார்வையிட்டது. 2023 ஓகஸ்டில் மேஜர் ஜெனரல். பூவே தீவின் பிரபு என்றும் ஆக்கியிருக்கிறார்கள். தென்துருவப் பக்கம் நோர்வேக்குச் சொந்தமான, மனிதர் யாருமே வசிக்காத பனித் தீவு அது.

ஊர்சுற்றி:

மாமி, 1972-இலிருந்து ஒரே பென்குவினா?

ஒஸ்லோ மாமி:

இல்லை தம்பி, இப்போது இருப்பது மூன்றாமவர். ஒருவர் இறந்தால் பெயரும் பதவியும் அடுத்தவருக்குப் போகும். எடின்பரோ மிருகக்காட்சிச்சாலைக்கு முதல் பென்குவின் போனதே, நோர்வேயைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம் ஒன்றின் திமிங்கில வேட்டைக் கம்பனி கொடுத்த அன்பளிப்பாகத்தான். அந்த உறவுக்காகத்தான் பென்குவினையே தேர்ந்தெடுத்தார்கள் என்று பெறாமகன் சொல்கிறான். நாங்கள் போனபோது மத்தியானத்துக்குப் பிறகு பென்குவின்கள் கூட்டை விட்டு வெளியே நடைபயிலும் நேரம் இருந்தது, ஆனால் வருவதும் வராததும் அவற்றின் விருப்பம். ஜெனரலையும் யாரும் கட்டாயப்படுத்துவதில்லை.