துப்பாக்கியில் விளக்கு மாட்டி பன்றிக் காவலுக்குப் போனவர்கள், நடந்ததைச் சொல்லுங்கள்

டோங்காட் கரும்பு:

காட்டுப்பன்றி கரும்புக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. தின்பது கொஞ்சம், சாய்த்துப் போடுவது அதைவிடப் பல மடங்கு. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

.308 ரைஃபிள், முனையில் சைலன்ஸர். நம் தென்னாப்பிரிக்காவில் அதற்குத் தனி லைசென்ஸ் தேவையில்லை என்பதால் பாதிப் பேர் துப்பாக்கியில் அது இருக்கும். விளக்கு புதிது. ஒரு கடையில் வாங்கினேன், அவர்களே குழலையொட்டிக் கை பிடிக்கிற முன்பகுதியான ஃபோர்எண்டின் மேல்பக்க ரெயில் பட்டையில், ஸ்கோப்புக்கு முன்னால் பொருத்திக் கொடுத்தார்கள். கடைச் சுவரில் அடித்துப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் மழை பெய்து விட்டிருந்தது. கடல் பக்கமிருந்து லேசான பனி. நான் தீத்தடுப்புப் பாதையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். கரும்பு முறிகிற சத்தம் மடக் மடக்கென்று கிட்டே வந்துகொண்டே இருந்தது. அப்புறம் ஒரு பெரிய ஆண் பன்றி பாதைக்கு வந்து நின்றது. பிடரி மயிர் வெளுப்பாக, சிலிர்த்துக்கொண்டு. விளக்கை அழுத்தினேன். ஸ்கோப் முழுக்க வெள்ளை! பால் மாதிரி வெள்ளை. தலையைத் தூக்கி வெறுங்கண்ணால் பார்த்தால் பன்றி அங்கேயே நிற்கிறது, காது ஆடுவது கூடத் தெரிகிறது. மறுபடி ஸ்கோப்பில் கண் வைத்தால் ஒன்றுமே இல்லை. அது ஒரு தடவை உறுமிவிட்டுத் திரும்பிப் போனது. பின்னாலேயே குட்டிகளும் வரிசையாகப் போயின.

விளக்கின் ஒளி சைலன்ஸரின் மேல்பக்கத்தில் பட்டுத் திரும்பி ஸ்கோப்புக்குள் வருகிறது. பெயின்ட் தேய்ந்து பளபளத்த சைலன்ஸர் என்றால் இன்னும் மோசம். பனி வேறு சேர்ந்துகொண்டது. கடைக்குத் திரும்பப் போனால், “இன்னும் அதிக லூமன் உள்ளதை வாங்கிக்கொள்ளுங்கள்” என்கிறார்கள். அதிகமாக அடித்தால் அதிகமாகத்தானே திரும்பி வரும்? அந்த பதில்தான் இன்னும் மனதில் உறுத்துகிறது.

இப்போது விளக்கைப் பக்கவாட்டுக்கு மாற்றி, முடிந்தவரை முன்னால் தள்ளி, சைலன்ஸர் மேல் மங்கலான கறுப்புத் துணி உறை போட்டிருக்கிறேன். முக்கால்வாசி சரியாகிவிட்டது. மீதியை யாராவது சரி செய்திருக்கிறீர்களா?

உம்சின்டோ தோட்டக்காரன்:

தம்பி, உங்களுக்குப் பன்றி தப்பியதோடு போயிற்று. எங்களுக்கு நடந்ததைக் கேளுங்கள்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணனும் நானும் அவர் பக்கியின் (பிக்கப் வண்டி) பின்னால் நின்றுகொண்டு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தோம். சரிவில் கரும்பு அசைந்தது. காற்று இல்லை. அண்ணன் ரைஃபிளைத் தோளில் வைத்து அதிலிருந்த விளக்கைப் போட்டார்.

ஸ்பிரிங்ளர் குழாய் மாற்றுகிற ஆள். குந்தி உட்கார்ந்திருக்கிறார். வலது கையில் ஸ்பேனர். கண் கூசியதால் இடது கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார். “சாவுபோனா” என்று சத்தமாக வணக்கம் வேறு சொன்னார். அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் ஒரு துப்பாக்கி இருப்பது அவருக்குத் தெரியாது. அவருக்கு அது வெறும் டார்ச்.

அண்ணன் விரல் ட்ரிக்கருக்கு வெளியேதான் இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் குண்டு உள்ளே இருந்தது, குறியின் நடுவில் அந்த மனிதரின் நெஞ்சு இருந்தது. அண்ணன் துப்பாக்கியை இறக்கிக் குண்டை எடுத்துவிட்டு அப்படியே பக்கியில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஆளை இப்போதும் கடைத்தெருவில் பார்க்கிறேன். அதே சிரிப்போடு கை ஆட்டுவார்.

துப்பாக்கி விளக்கு போகிற இடமெல்லாம் குழல் முனையும் போகும். அதை வைத்துத் தேடக் கூடாது. தேடுவதற்குக் கையில் தனி டார்ச். அது பன்றிதான், பின்னால் மண்மேடுதான் என்று இரண்டும் உறுதியான பிறகே துப்பாக்கி தோளுக்கு வர வேண்டும். கண் மின்னுகிறதா என்று பார்த்துச் சுடுகிறவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்: மாடு, நாய், மான் வகைக்குக் கண்ணின் உள்ளே ஒளியைத் திருப்பும் படலம் உண்டு, பன்றி இனத்துக்குக் கிடையாது. இரண்டு கண்ணும் பளிச்சென்று எரிந்தால் பெரும்பாலும் அது யாரோ ஒருவருடைய கன்றுக்குட்டி, இல்லை நாய்.

ஸ்டேஞ்சர் முப்பது-ஆறு:

உம்சின்டோ அண்ணன் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கையில் டார்ச், தோளில் துப்பாக்கி என்பதெல்லாம் இரண்டு பேராகப் போகிறவர்களுக்கு. நான் தனியாகப் போகிறேன். டார்ச்சைக் கீழே வைத்து, துப்பாக்கியை எடுத்து, மறுபடி விளக்கு போடுவதற்குள் பன்றி அடுத்த தோட்டத்தில் இருக்கும். தனி ஆளுக்குத் துப்பாக்கி விளக்குதான் ஒரே வழி.

என் கதை சின்னது. முதல் குண்டு பட்டது, பன்றி விழுந்து எழுந்தது, இரண்டாவது போட வேண்டும். அந்த உதைப்பில் டார்ச் தானாக மோட் மாறிவிட்டது. பளிச் பளிச்சென்று மின்ன ஆரம்பித்தது. அந்த மின்னலில் பன்றி துண்டு துண்டாக நகர்வது போலத் தெரிந்தது, எங்கே குறி வைப்பது? நல்லவேளை, அது அங்கேயே விழுந்தது.

காரணம் இதுதான். மலிவான டார்ச்சில் பேட்டரிக்கு ஒரு பக்கம் மட்டும்தான் ஸ்பிரிங் இருக்கும். உதைப்பில் பேட்டரி ஒரு கணம் தொடர்பு விட்டுத் திரும்பத் தொடும். பல மோட் உள்ள டார்ச் அதை யாரோ பட்டனை அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும். இரண்டு முனையிலும் ஸ்பிரிங் உள்ளதை வாங்குங்கள். துப்பாக்கிக்கு ஒரே மோட் போதும்: எரியும், அணையும், அவ்வளவுதான்.

லூமனைப் பார்த்து ஏமாறாதீர்கள். மொத்தம் எவ்வளவு ஒளி வெளியே வருகிறது என்பதுதான் லூமன். அது எவ்வளவு குவிந்து போகிறது என்பதைச் சொல்வது கேண்டெலா. பெட்டியில் ‘400 மீட்டர்’ என்று போட்டிருந்தால் சுமார் 40,000 கேண்டெலா என்று அர்த்தம். அந்த 400 மீட்டரில் கிடைப்பது வெறும் 0.25 லக்ஸ், ஏறக்குறைய பௌர்ணமி வெளிச்சம். அதில் பன்றியையும் ஆளையும் பிரித்தறிய முடியாது. அதே விளக்கு 100 மீட்டரில் 4 லக்ஸ் தரும். நம் தீத்தடுப்புப் பாதையில் அதற்கு மேல் தூரம் எதற்கு? ஆயிரக்கணக்கில் லூமனை நாலாபுறமும் இறைக்கிற டார்ச்சால் பக்கத்துக் கரும்புச் சோகைதான் வெளுத்துத் தெரியும்.

பேட்டரி 18650 (திரும்பச் சார்ஜ் போடுகிற லித்தியம் வகை) வைத்திருக்கிறேன், லோட் ஷெடிங் நாட்களில் பக்கியிலேயே சார்ஜ் போடுவேன். அவசரத்துக்கு இரண்டு சிஆர்123, சார்ஜ் போட முடியாத சின்ன பேட்டரி. ஆனால் இரண்டையும் ஏற்கும் என்று டார்ச்சிலேயே எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் 18650 கொடுப்பது 3.7 வோல்ட், அவை இரண்டும் சேர்ந்து 6 வோல்ட். ஸ்விட்ச் ஒயர் தொங்கக் கூடாது, கரும்பு இலை அதைத்தான் முதலில் பிடித்து இழுக்கும். விளக்கு மவுன்ட்டைப் பிடிக்கிற எம்-லாக் திருகுக்கு, அது கழலாமல் இருக்க நீல லாக்டைட் பசை ஒரு சொட்டு, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு, இறுக்கத்தை அளக்கிற டார்க் ரெஞ்ச்சால் முறுக்கி, திருகுத் தலையிலிருந்து மவுன்ட் வரை வெள்ளைப் பெயின்ட் கோடு ஒன்று இழுத்துவிடுங்கள். கோடு விலகியிருந்தால் திருகு சுழன்றிருக்கிறது என்று தெரிந்துவிடும். முனைக்குக் கிட்டே விளக்கு இருந்தால் கண்ணாடியில் கரி படியும், ஒவ்வொரு தடவையும் துடையுங்கள். பச்சை, சிவப்பு வடிகட்டி பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிவப்பு ஒளி பன்றிக்குச் சரியாகத் தெரியாது என்பது உண்மை, அதனால் ஓடாமல் நிற்கும். ஆனால் நமக்கும் பச்சை இலையும் மண்ணும் ஒரே நிறமாகிவிடும். வடிகட்டி போட்டதும் பாதிக்கு மேல் ஒளி போய்விடும். நான் வெள்ளைதான்.

வெருலம் மகள்:

டார்ச் பாடம் கேட்டது டோங்காட் அண்ணன் இல்லை, அவர் கேட்டது சைலன்ஸர் வெளிச்சம் பற்றி. சரி, இருக்கட்டும்.

எங்களுக்குக் கரும்பு இல்லை, மடும்பி (சேப்பங்கிழங்கு) தோட்டம். கிழங்கு விளைந்ததும் பன்றி மூக்கால் உழுதுவிடும். அப்பா பழைய போல்ட் ரைஃபிள் வைத்திருக்கிறார், ரெயில் எதுவும் கிடையாது. அதனால் யாரோ சொல்லி, குழலையே பிடிக்கிற கிளாம்ப் வாங்கி அதில் டார்ச்சை மாட்டினார்கள். அது எதையும் தொடாமல் தனியாக நிற்கிற குழல். அதில் எடை தொங்கவிட்டு இறுக்கினால் குண்டு போகிற இடம் மாறும். மாட்டிய பிறகு யாரும் அட்டையில் சுட்டுப் பார்க்கவில்லை.

பன்றிக்கு வயிற்றில் பட்டது. இரவெல்லாம் ஓடைப் பக்கமிருந்து அதன் சத்தம் வந்தது. அடிபட்ட பன்றியை இருட்டில் தேடிப் போகக் கூடாது என்று அப்பா யாரையும் விடவில்லை. விடிந்ததும் நாயோடு போனோம். மடும்பி இலையில் ரத்தமும் பச்சையாக ஏதோ ஒன்றும் ஒட்டியிருந்தது. ஓடைக்கரையில் அது இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அப்பா கிட்டே போய் முடித்து வைத்தார். வீட்டுக்கு வந்து அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை.

டார்ச்சை மாட்டினாலும் சரி, கழற்றினாலும் சரி, நகர்த்தினாலும் சரி, மறுபடி ஜீரோ பாருங்கள், அதாவது குறி வைத்த இடத்தில்தான் குண்டு படுகிறதா என்று அட்டையில் சுட்டுச் சரி செய்யுங்கள். பகலில், மாட்டிய விளக்கோடு, சைலன்ஸர் இருந்தால் அதோடும்.

உம்சின்டோ தோட்டக்காரன்:

வெருலம் தங்கச்சி சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன் அம்மா.

ஸ்டேஞ்சர் தம்பிக்கு: தனியாகப் போகிறேன், அதனால் துப்பாக்கியை வைத்துத்தான் தேடுவேன் என்றால், எங்கள் அண்ணன் செய்ததும் அதேதான். பக்கத்தில் நான் இருந்தும் என் கையில் டார்ச் இல்லை. தனி ஆளுக்குத்தான் ஹெட்லாம்ப் இருக்கிறது. மங்கலான ஒளியில் அதைத் தலையில் போட்டுக்கொள்ளுங்கள், இரண்டு கையும் சும்மா இருக்கும். அதில் பன்றி என்று தெரிந்த பிறகு தோளுக்கு எடுத்துத் துப்பாக்கி விளக்கைப் போட எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நேரத்தில் பன்றி ஓடினால் ஓடட்டும், நாளைக்கும் வரும். உங்கள் பக்கமும் ராத்திரி குழாய் மாற்றுகிறார்களா இல்லையா? அவர்கள் எந்த பிளாக்கில் இருப்பார்கள் என்று இண்டுனாவிடம் (வேலையாட்களின் மேற்பார்வையாளர்) கேட்டுவிட்டுத்தான் இப்போது நான் வீட்டை விட்டே கிளம்புகிறேன். இரவில் சுட மாகாண இயற்கைப் பாதுகாப்பு ஆட்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கி பக்கியிலேயே வைத்திருக்கிறேன்.

ஸ்டேஞ்சர் முப்பது-ஆறு:

ஹெட்லாம்ப் ஒளி ஸ்கோப்பின் பின்கண்ணாடியில் பட்டுத் தெறிக்குமே அண்ணே? கண்ணை வைத்த உடனே என் முகம்தான் தெரியும்.

உம்சின்டோ தோட்டக்காரன்:

தோளுக்கு எடுக்கும்போது அதை அணைத்துவிட வேண்டும். பட்டன் பெரிதாக, நெற்றியில் தொட்டாலே தெரிகிற மாதிரி உள்ளதாகப் பாருங்கள். வீட்டில் குண்டு இல்லாத துப்பாக்கியை வைத்துப் பழகிக்கொள்ளலாம்.

டோங்காட் கரும்பு:

எல்லோருக்கும் நன்றி. நேற்று விளக்கைக் கழற்றி, கண்ணாடி விளிம்பு சைலன்ஸர் முனைக்கு மூன்று விரல் பின்னால் வருகிற அளவுக்கு நீட்டு மவுன்ட் வைத்துப் பார்த்தேன். வெள்ளை சுத்தமாகப் போய்விட்டது, குழலின் நிழல் மட்டும் இடது ஓரத்தில் ஒரு பட்டையாக விழுகிறது. அது குறியைத் தொடவில்லை. சனிக்கிழமை அட்டை வைத்து ஜீரோ பார்க்கிறேன். வெருலம் தங்கச்சி, அப்பாவுக்கு அந்த ரைஃபிளில் ஸ்டாக்கின் முன்பக்கத்தில் பைபாட் (துப்பாக்கியைத் தாங்குகிற இரட்டைக் கால்) மாட்டுகிற குமிழ் இருக்கிறதா? இருந்தால் அதில் பிடிக்கிற சின்ன ரெயில் கிடைக்கும், குழலைத் தொடவே வேண்டாம். என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது, வெருலம் வழியாக வரும்போது கொண்டுவந்து தருகிறேன்.