நாள்காட்டித் தாளைக் கிழிக்கும் உரிமை யாருக்கு?

மதுரை மருமகள்:

அனைவருக்கும் வணக்கம். கேட்கப்போவது சிறிய விஷயம்தான்; ஆனால் ஒரு வாரமாக எங்கள் வீட்டில் இதைத் தவிர வேறு பேச்சே இல்லை.

எங்கள் வீட்டுக் கூடத்தில் மளிகைக் கடையில் கொடுத்த தினசரி நாள்காட்டி ஒன்று தொங்குகிறது. 76 வயதாகும் என் மாமனார் காலை ஐந்தரை மணிக்கு எழுந்ததும் முதல் வேலையாக முந்தைய நாளின் தாளைக் கிழிப்பார். பிறகு காபிக்காக நாங்கள் ஒவ்வொருவராகக் கூடத்துக்கு வரும்போது, அவரவர் ராசிக்கு அன்று அச்சாகியிருக்கும் ஒற்றைச் சொல்லை நீதிமன்றத்தில் தீர்ப்பு வாசிப்பதுபோல வாசிப்பார். ‘செலவு’ என்று வந்த அன்று என் கணவரிடம் யாரும் பணம் கேட்பதில்லை. ‘அமைதி’ என்று வந்தால் அவர் அதையே காரணம் காட்டி நாள் முழுவதும் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் தப்பித்துக்கொள்வார். இரவுச் சாப்பாட்டின்போது பலன் பலித்ததா என்று விசாரணை நடக்கும். எனக்கு ‘லாபம்’ என்று வந்த ஒரு நாளில், காய்க்காரர் கொசுறாகக் கொடுத்த ஒரு கொத்துக் கறிவேப்பிலையைத் தவிர வேறு எதையும் என்னால் சாட்சியாகக் காட்ட முடியவில்லை. அதையும் ஏற்றுக்கொண்டார்கள்.

மாமியாரின் துறை சூலம், அதாவது அந்தந்தக் கிழமையில் பயணம் போகக் கூடாத திசை. திங்கட்கிழமையும் சனிக்கிழமையும் கிழக்கே சூலம், பரிகாரம் தயிர். வெள்ளியும் ஞாயிறும் மேற்கே சூலம், பரிகாரம் வெல்லம். என் மகளின் பள்ளிக்கூடம் வீட்டுக்குக் கிழக்கே இருப்பதால் திங்கட்கிழமை காலையில் அவளுக்கு ஒரு கரண்டித் தயிர் கிடைக்கிறது. ‘பள்ளிக்கூடத்தை மேற்கே மாற்றச் சொல்ல முடியாதா, அப்பத்தா? வெள்ளிக்கிழமை வெல்லம் கிடைக்குமே’ என்று அவள் கேட்டது எங்கள் உறவினர் வீடுகள் அனைத்துக்கும் தெரியும்.

சிக்கல் இனிமேல்தான். ஏழு வயதாகும் அந்த மகளுக்கு இப்போது தாளைத் தானே கிழிக்க வேண்டும் என்ற ஆசை வந்திருக்கிறது. தாத்தா விடவில்லை. போன வாரம் திங்கட்கிழமை இரவு, எல்லோரும் படுத்த பிறகு, முக்காலியைப் போட்டு ஏறி அவளே அன்றைய தாளைக் கிழித்துவிட்டாள். மறுநாள் விடியற்காலையில் மாமா வழக்கம்போலக் கண்ணாடி போடாமல் வந்து, கைப்பழக்கத்தில் இன்னொரு தாளைக் கிழித்துவிட்டு, அதன் பிறகு கண்ணாடியைப் போட்டுப் பார்த்திருக்கிறார். புதன்கிழமை, கிருத்திகை. உடனே குளித்து, திருநீறு பூசி, விரதத்தைத் தொடங்கிவிட்டார். புதன்கிழமைப் பலனைக் கேட்டுக்கொண்டு நாங்களும் செவ்வாய்க்கிழமையைக் கழித்தோம். நான் கைப்பேசியில் கிழமையைக் கவனித்தபோது மதியம் இரண்டு மணி. பால் பழத்தோடு இருப்பவரிடம் அந்த நேரத்தில் போய் எப்படிச் சொல்வது? இரவு அடையும் வெல்லமும் சாப்பிட்டு முடித்த பிறகு மெதுவாகச் சொன்னேன். ‘அதனால் என்னம்மா, முருகனுக்கு ஒரு நாள் முன்பணம் கட்டியதாக இருக்கட்டும்’ என்று சொல்லிவிட்டு, மறுநாளும் விரதம் இருந்து, மறுநாள் இரவும் அடை சாப்பிட்டார்.

இப்போது தாத்தாவும் பேத்தியும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. தாத்தாவின் உரிமையைப் பறிக்க எனக்கு மனமில்லை. குழந்தையை அதட்டி ஒதுக்கிவிட்டால், அவளும் நாளைக்கு எங்களைப்போலக் கைப்பேசியிலேயே தேதி பார்க்கத் தொடங்கிவிடுவாள். ஐந்து பேரும் ஒரே இடத்தில் நின்று ஒரே விஷயத்துக்குச் சிரிப்பது, சொல்லப்போனால், அந்தப் பத்து நிமிடம் மட்டும்தான். உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது வழக்கம் இருந்து, அதற்குப் பங்கு கேட்டு ஆள் வந்தபோது என்ன செய்தீர்கள்?

சிவகாசிக்காரர்:

சகோதரிக்கு வணக்கம். அச்சகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் ஊரில் ஆடிப்பெருக்கன்று பூசை போட்டு அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவது வழக்கம். நீங்கள் கூழ் ஊற்றும் மாதத்தில் நாங்கள் அடுத்த ஆண்டின் பொங்கலைத் தாளில் ஏற்றிக்கொண்டிருப்போம். அந்தத் தொழிலில் இருந்ததாலோ என்னவோ, எங்கள் வீட்டில் ஒரே ஆண்டில் நான்கு நாள்காட்டிகள் தொங்கியதுண்டு.

அதில் ஒரு வேடிக்கை. எல்லா நாள்காட்டிகளிலும் ஒரே பலன் இருக்காது. என் மனைவியின் ராசிக்கு மளிகைக் கடை நாள்காட்டி ‘நஷ்டம்’ என்று சொன்னால், நகைக்கடை நாள்காட்டி ‘வரவு’ என்று சொல்லும். அவர் நான்கையும் சுற்றிப் பார்த்து, நல்ல சொல்லைத் தமக்கும் மிச்சத்தை எனக்கும் ஒதுக்குவார். இருவருக்கும் ஒரே ராசி என்பதால் நான் மறுப்புச் சொல்லவும் வழியில்லை. ‘இதெல்லாம் உங்கள் ஆட்கள் அச்சடித்ததுதானே, பிறகு ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறீர்கள்?’ என்பார்.

வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் நாள்காட்டிக்கும் திருக்கணிதத்தைப் பின்பற்றும் நாள்காட்டிக்கும் திதியும் நட்சத்திரமும் முடியும் நேரத்தில் வேறுபாடு வரும். சில மாதங்களில் விரத நாளே ஒரு நாள் முன்பின்னாக விழும். ஆகவே உங்கள் மாமனார் ஒரு நாள் முன்னதாக விரதம் இருந்ததைப் பெரிய பிழையாகக் கருத வேண்டாம்.

என் யோசனை எளிது. டிசம்பர் கடைசியில் எந்தக் கடைக்குப் போனாலும் நாள்காட்டி கிடைக்கும். ஒன்றைக் கூடுதலாக வாங்கி, குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டிவிடுங்கள். அவள் அதில் ஆண்டு முழுவதையும் ஒரே நாளில் கிழித்தாலும் யாரும் பட்டினி கிடக்க நேராது.

கடைசியாக ஒரு சந்தேகம். உங்கள் மாமனார் செய்தித்தாள் படிப்பதில்லையா? முதல் பக்கத்தின் உச்சியிலேயே கிழமை இருக்குமே?

கணக்கு ஆசிரியை:

மாற்றுக் கருத்துச் சொல்வதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு அது விளையாட்டு. ஏழு வயதுக் குழந்தைக்கு அப்படி இருக்காது. என் மகனுக்கு ஆறு வயதானபோது, அவனுடைய ராசிக்குப் ‘பகை’ என்று வாசித்தோம் என்பதற்காக, அன்று வகுப்பில் பக்கத்தில் உட்காருபவனோடு பேசாமலே இருந்துவிட்டு வந்தான். அந்தப் பையன் அழுதுகொண்டே போய் அவன் அம்மாவிடம் சொல்ல, அந்த அம்மா என்னிடம் வந்து கேட்க, நான் நாள்காட்டியைக் காட்டி விளக்கம் சொல்ல வேண்டிய நிலை. கணக்கு ஆசிரியை அப்படி விளக்கம் சொல்லி நின்ற காட்சியை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

அன்று முதல் வழக்கத்தைத் தலைகீழாக மாற்றினோம். காலையில் வாசிப்பதில்லை. இரவில், கிழிக்கப்போகும் தாளில், அன்றைய பலனை நாங்களே எழுதுகிறோம். ஒருவருக்கு ஒரு சொல்தான். அதை மற்றவர்கள்தாம் எழுத வேண்டும். காரணமும் சொல்ல வேண்டும். எனக்கு அதிகமாகக் கிடைத்த சொல் ‘கோபம்’. காரணம் பெரும்பாலும் கட்டிலில் கிடக்கும் ஈரத்துண்டு. என் கணவருக்கு ‘மறதி’ என்று தொடர்ந்து நான்கு நாட்கள் எழுதினோம். ஐந்தாம் நாள் பேனாவை எங்கே வைத்தோம் என்று அவர் தேடிக்கொண்டிருந்ததால் எழுத முடியவில்லை. என் மகன் ஒரு நாள் தன் பாட்டிக்கு ‘முழங்கால்’ என்று எழுதினான். அது பலன் ஆகுமா என்று நாங்கள் விவாதித்தபோது, ‘இன்றைக்கு எனக்கு அதுதானப்பா நடந்தது’ என்று பாட்டியே ஒப்புதல் கொடுத்துவிட்டார்.

உங்கள் வீட்டில் கிழிப்பவர் யார் என்பதைவிட, எழுதுபவர் யார் என்று ஒரு பதவியை உருவாக்கிக் குழந்தைக்குக் கொடுத்துப் பாருங்கள். கிழிப்பதில் அவளுக்கு இருக்கும் ஆசை தானாகவே குறையக்கூடும்.

டொராண்டோ தம்பி:

அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு என் மனைவியை எழுப்பிப் படித்துக் காட்டினேன். இந்த வழக்கத்தைத் தூரத்திலிருந்து அனுபவிப்பவன் என்பதால் சொல்கிறேன்.

என் அப்பா தஞ்சாவூரில் இருக்கிறார். காலை ஐந்தரைக்குத் தாளைக் கிழித்ததும் எங்களைத்தான் அழைப்பார். கோடைக்காலத்தில் எங்களுக்கும் இந்தியாவுக்கும் ஒன்பதரை மணி நேர வேறுபாடு. அதாவது அங்கே சனிக்கிழமை விடியும்போது இங்கே வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணி. ஆகவே எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நாளைய பலன் இன்றைக்கே தெரிந்துவிடும். ‘நாளைக்கு உனக்கு அலைச்சல், இப்போதே படுத்துக்கொள்’ என்று அப்பா சொல்வார். நவம்பரில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியதும் அந்த அழைப்பு ஏழு மணிக்கே வரத் தொடங்கும். முதல் ஆண்டு, ‘ஏன் இப்போதெல்லாம் சாப்பிடும்போதே போனை எடுக்கிறாய்?’ என்று கோபித்துக்கொண்டார். நேரம் மாறிய கதையைச் சொன்னதற்கு, ‘ஒரு நாட்டையே ஒரு மணி நேரம் தள்ளி வைப்பார்களா? பொய் சொல்வதற்கும் ஓர் அளவு வேண்டாமா?’ என்றார்.

ராகுகாலத்தில் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். நாள்காட்டியில் போட்டிருக்கும் ராகுகாலம், காலை ஆறு மணிக்குச் சூரியன் உதித்து மாலை ஆறு மணிக்கு மறைவதாக வைத்துக்கொண்டு, அந்தப் பகலை எட்டாகப் பிரித்ததில் ஒரு பங்கு. எங்களுக்கு ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. அப்படியானால் ராகுகாலம் ஒன்றரை மணி நேரத்துக்குப் பதிலாகக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஆகிவிடும் என்று அப்பாவிடம் அறிவாளித்தனமாக விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘அப்படியானால் அந்த ஊரில் ராகுவுக்கு மிகைநேர ஊதியம் கொடுக்க வேண்டுமே’ என்றார். மின்வாரியத்தில் வேலை பார்த்தவருக்கு அந்தக் கணக்கு உடனே வந்துவிட்டது.

அப்பாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்தபோது பத்து நாட்கள் அவரால் வாசிக்க முடியவில்லை. அம்மா வாசித்தார். அப்பாவின் பலனை மட்டும் தினமும் ‘ஓய்வு’ என்றே வாசித்தார் என்பதைப் பிறகுதான் கண்டுபிடித்தோம். எனவே வாசிப்பதற்கு இன்னொருவரைப் பழக்குவதில் ஆபத்தும் உண்டு, அக்கா. ஆனாலும் பழக்குங்கள்.

மதுரை மருமகள்:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. முதலில் சிவகாசி அண்ணனின் சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். என் மாமனார் செய்தித்தாளை வரி விளம்பரம் வரைக்கும் ஒரு எழுத்து விடாமல் படிப்பவர். இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று என் தலையில் நானே குட்டிக்கொண்டு, நேற்று அவர் திண்ணையில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தபோது கேட்டேன்.

‘மாமா, அந்தச் செவ்வாய்க்கிழமை பேப்பரில் கிழமையைப் பார்க்கவில்லையா?’

தாளை இறக்காமலே, ‘எட்டு மணிக்குப் பார்த்துவிட்டேனம்மா’ என்றார்.

‘பிறகு ஏன் விரதத்தை விடவில்லை?’

‘நீ அதற்குள் அடைக்கு அரிசியையும் பருப்பையும் ஊறப்போட்டுவிட்டாய். ஊறியதை என்ன செய்வது?’ என்றவர், சற்றுப் பொறுத்து, ‘சொல்லியிருந்தால் சின்னவளை அப்போதே நிற்கவைத்துக் கேட்டிருப்பாய். பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் அது எதற்கு?’ என்றார். கிருத்திகை கீழ்நோக்கு நாள் என்பதால் அடை தொண்டைக்குக் கீழே இறங்குவதற்கு மிகவும் உகந்தது என்றும் சேர்த்துக்கொண்டார். இரண்டு நாளும் சேர்த்து அவர் சாப்பிட்டது ஒன்பது அடை. கணக்கு என்னிடம் இருக்கிறது.

இரண்டாவது நாள்காட்டி யோசனையை மகளிடம் சொன்னேன். ‘அது தாத்தா கிழிக்கிற காலண்டர் இல்லையே’ என்று ஒரே சொல்லில் மறுத்துவிட்டாள். ஆசிரியை அம்மாவின் யோசனைக்கு மட்டும் வீட்டில் நல்ல வரவேற்பு. முதல் நாள் இரவே எனக்குக் ‘கோபம்’ என்று எழுதினார்கள்; இது தமிழ்நாடு முழுவதும் பொதுவான பலன் போலிருக்கிறது.

கிழிக்கும் உரிமையில் கடைசியில் அவர்களே ஓர் ஒப்பந்தத்துக்கு வந்துவிட்டார்கள். கறுப்பு எழுத்துத் தாள்கள் தாத்தாவுக்கு. சிவப்பு எழுத்தில் இருக்கும் ஞாயிறும் அரசு விடுமுறைகளும் பேத்திக்கு. இருவரும் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் கிழிக்க வேண்டும் என்பது என் மாமியார் சேர்த்த விதி. மகளுக்குக் கண்ணாடி கிடையாது என்பதால், அன்று அவள் தாத்தாவின் கண்ணாடியை வாங்கி மூக்கின் நுனியில் வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாமல் தடவித்தான் கிழிக்கிறாள். அருகில் நின்று தாத்தா, கண்ணாடி இல்லாமல், சரியான தாள்தானா என்று சரிபார்க்கிறார்.

இன்று காலை கூடத்தைப் பெருக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். நாள்காட்டியில் இன்னும் கிழிக்காத தாள்களுக்கு நடுவில் ஒன்றின் மூலை மட்டும் மடிக்கப்பட்டிருந்தது. புரட்டிப் பார்த்தால் அடுத்த கிருத்திகை. மடித்தது யார் என்று கேட்டேன். தாத்தா பேத்தியைக் காட்டினார். பேத்தி தாத்தாவைக் காட்டினாள்.