மார்கழி மழைக்குள்ள ரெண்டு சின்னப் பிள்ளையளோட யாழ்ப்பாணம்

அண்ணாமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். டொரொண்டோவில இருந்து மார்கழி லீவுக்கு வாறம், நாலைஞ்சு நாள் யாழ்ப்பாண டவுனுக்குள்ள நிக்கிற யோசினை. மூத்தவளுக்கு அஞ்சு வயசு, சின்னவனுக்கு ரெண்டு. இஞ்ச ஸ்னோ கொட்டேக்க அங்க நல்ல வெயில் எண்டு மனிசி நினைக்கிறா. அது மாரி காலமப்பா எண்டு சொன்னா நம்புறா இல்லை.

நல்லூரில கும்பிட்டிட்டு ரியோவில ஐஸ்கிறீம், அது மகளுக்கு வாக்குக் குடுத்தாச்சு, மாத்தேலாது. பின்னேரம் கோட்டை மதிலுக்கு மேல நடக்க ஆசைதான், ஆனா சின்னவன் கையைப் பிடிக்க விடமாட்டான், ஓடுவான். ஸ்ட்ரோலர் அங்க உருளுமோ, இல்லாட்டி தோளில கட்டுற பையோட வாறதோ நல்லம்?

பெரிய குழப்பம் நெடுந்தீவு. மகள் குதிரை பாக்கோணும் எண்டு நிக்கிறாள். குறிகட்டுவானில இருந்து படகில ஒரு மணித்தியாலம், அதுவும் வாடைக்காத்து நேரம். கடல் கொந்தளிச்சா ரெண்டும் சத்தியெடுக்கும். நயினாதீவு கிட்டத்தானே, அதோட நிப்பாட்டுவமோ? சின்னனுகளோட மார்கழியில போன ஆக்கள் சொல்லுங்கோ, பிள்ளையளின்ர அளவில லைஃப் ஜாக்கெட் இருக்கே?

மழை விட்ட கையோட டெங்குப் பயமும் இருக்கு. நுளம்பு வலை உள்ள, அறையில சமைக்க வசதியான இடம் தெரிஞ்சா உட்பெட்டியில போடுங்கோ. சின்னவன் உறைப்பு வாயில வைக்கான், குழையல் சோறுதான்.

கார் சீற்றோட வான் பிடிக்கலாமோ, நாங்களே காவிக்கொண்டு வரோணுமோ?